அந்தச் சதைத் துணுக்கு யாருடையது?

மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், கழுத்தில் நெறிகட்டி என்று போகிறவரிடம் மருத்துவர், ‘கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்த்துடலாம்’ என்கிறார். அறிக்கை கைக்கு வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. புற்றுநோயா, இல்லையா என்ற ஒரே கேள்விதான் எல்லோர் மனதிலும் ஓடும். ஆனால் ஒரு பயாப்ஸி அறிக்கையை நம்பிச் சிகிச்சை தொடங்க இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இது என்ன நோய்? இந்தச் சதை யாருடையது? முதல் கேள்விக்கு நுண்ணோக்கியில் பார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு நுண்ணோக்கியால் பதில் சொல்ல முடியாது. பாட்டிலில் ஒட்டிய லேபிளையும், அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தவர்களின் கவனத்தையும் நம்பித்தான் அந்த விடை நிற்கிறது.

2002-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குத் தீவிர மார்பகப் புற்றுநோய் என்று சொல்லி இரண்டு மார்பகங்களையும் அகற்றினார்கள். அறுவை முடிந்த பிறகுதான் அவருக்குப் புற்றுநோயே இல்லை என்று தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவருடைய சதைக்கு உரிய விவரமும் இன்னொரு பெண்ணின் விவரமும் இடம் மாறியிருந்தன. இந்த வகைப் பிழையில் பாதிக்கப்படுகிறவர் ஒருவர் மட்டும் இல்லை. நோயில்லாத ஒருவர் கத்திக்கும் கீமோதெரபிக்கும் போகும்போது, நோயுள்ள இன்னொருவர் ‘ஒன்றுமில்லை’ என்ற தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். அதனால்தான் மாறிப்போன மாதிரி ஒன்று தெரியவந்தால், அந்த இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது அன்றைக்கே நடக்க வேண்டிய வேலை.

எவ்வளவு அரிது?

புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க ஒரு மருந்து உதவுமா என்று பார்க்க, பல நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டாம் ஆண்டில் எடுத்த பயாப்ஸிகள் சிலவற்றில் சந்தேகம் எழுந்ததால் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். 27 மாதிரிகள் வேறு ஆளுடையவை என்று தெரிந்தது. அதாவது சுமார் 0.4 சதவீதம். இது பெயர் தெரியாத சின்ன லேபில் நடந்ததில்லை. கடும் கண்காணிப்பில் நடந்த மருத்துவ ஆய்வில் நடந்தது. மாதிரிகளைக் கையாளும் முறையை அவர்கள் இறுக்கிய பிறகு, நான்காம் ஆண்டுப் பயாப்ஸிகளில் இந்த விகிதம் 0.02 சதவீதமாக இறங்கியது. 2011-இல் வெளியான இந்த முடிவுகளிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. நல்ல இடங்களிலும் மாதிரி மாறுகிறது. முறையைத் திருத்தினால் அதைப் பெருமளவு தடுக்கவும் முடிகிறது.

முதல் பிழை பெயரில்

‘நீங்கதானே லட்சுமி?’ என்று கேட்டால், பதற்றத்தில் இருப்பவர் ‘ஆமாங்க’ என்றுதான் சொல்வார். காது மந்தமானவரும் தலையாட்டுவார். அந்தப் பெயரில் இன்னொருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் பெயரை நாமே சொல்லி ஆமாம் வாங்காமல், ‘உங்க முழுப் பேரைச் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க’ என்று கேட்டு, சீட்டில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு வழிமுறைகளில் ஒன்று. கட்டில் எண்ணும் வார்டு எண்ணும் அடையாளம் ஆகாது. காலையில் ஒருவர் படுத்த கட்டிலில் மாலையில் வேறொருவர் இருப்பார்.

நம் ஊரில் இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே இனிஷியலில், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு பேர் ஒரே நாளில் வருவது அதிசயமில்லை. கல்யாணமான பெண்ணுக்கு ஓரிடத்தில் அப்பா இனிஷியல், ஓரிடத்தில் கணவர் இனிஷியல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல். ஆதாரில் ஒரு வயது, வாயால் சொல்வது ஒரு வயது. ஆகவே பெயரும் வயதும் மட்டும் போதாது. மருத்துவமனை கொடுக்கும் நிரந்தரப் பதிவு எண்ணும் சீட்டு, பாட்டில், அறிக்கை மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாட்டில்

எடுத்த சதையை ஃபார்மலின் திரவத்தில் போடுகிறார்கள். பாட்டிலில் லேபிளை எப்போது, எங்கே ஒட்டுகிறார்கள் என்பதில்தான் பல மாதிரிகளின் தலையெழுத்து இருக்கிறது. சதை எடுத்தவுடன், நோயாளி அந்த அறையில் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். ‘நாலு பேருக்கும் முடிச்சிட்டு மொத்தமா ஒட்டிக்கலாம்’ என்பது ஆபத்து. காலையிலேயே பெயர் எழுதி வரிசையாக வைத்துக்கொள்வதும் அதே ஆபத்துதான். வரிசையில் ஒருவர் முன்னே பின்னே போனால் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும்.

லேபிள் மூடியில் இருக்கக் கூடாது, பாட்டிலின் உடம்பில் இருக்க வேண்டும். லேபில் பாட்டிலைத் திறந்ததும் மூடி தனியாகப் போய்விடும்; பக்கத்தில் இன்னொரு மூடியும் கிடக்கும். எந்தப் பக்கம், எந்த இடம் என்பதும் லேபிளில் வர வேண்டும். வலது மார்பகத்தில் எடுத்த சதை இடது என்று பதிவானால், ஆள் மாறாவிட்டாலும் அறுவை மாறிவிடும்.

பல இடங்களில் இந்தப் பாட்டிலை நோயாளியின் வீட்டார் கையில் கொடுத்து வெளி லேபுக்கு அனுப்புகிறார்கள். பாட்டிலோடு ஒரு கோரிக்கைப் படிவமும் போகும். இரண்டிலும் உள்ள பெயர், எண், சதை எடுத்த இடம் ஆகியவை ஒத்துப்போகாவிட்டால், லேப் அதை வாங்காமல் அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ‘எங்களை அலைய விடுறாங்களே’ என்று அப்போது கோபம் வரும். ஆனால் அந்த லேப் தன் கடமையைத்தான் செய்கிறது.

மேசையில் நடப்பது

பயாப்ஸி லேபுக்குள் போனதும் பாட்டிலிலிருந்து வெளியேறுகிறது; ஆபத்து கூடுவது இங்கேதான். ஊசி வழியாக எடுத்த சதை நூல் துண்டைப் போல மெலிந்தது. யாருடையது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேசட் என்ற சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டி பல பேருடைய பெட்டிகளோடு சேர்ந்து ஆல்கஹால், சைலீன், சூடான மெழுகு என்று இரவு முழுக்க ஊறி வரும். சாதாரணப் பேனா மை அதில் கரைந்துபோகும். அந்தக் காலத்தில் பல வீட்டுத் துணிகளும் ஒரே வெள்ளாவியில் வேகும் என்பதால், சலவைத் தொழிலாளர்கள் அழியாத சேங்கொட்டைச் சாற்றில் குறி போட்டார்கள். கேசட்டுக்கும் அதுதான் நியாயம். பென்சிலாலோ கரைப்பான்களுக்கு அழியாத அச்சாலோதான் எண் எழுத வேண்டும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் பாட்டில் மட்டுமே திறந்திருக்க வேண்டும். அடுத்ததைத் தொடுமுன் இடுக்கி, பிளேடு, பலகை எல்லாம் துடைக்கப்பட வேண்டும். புராஸ்டேட்டுக்குப் பின் இன்னொரு புராஸ்டேட் என்று அடுக்காமல் நடுவில் வேறு உறுப்பை வைத்தால் இன்னொரு பாதுகாப்பு கிடைக்கும். புராஸ்டேட் என்று எழுதிய ஸ்லைடில் குடல் சதை தெரிந்தால் மாறியது உடனே பிடிபடும். புராஸ்டேட் என்று எழுதியதில் வேறொருவரின் புராஸ்டேட் இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

மெழுகுக் கட்டியாக இறுகிய சதையை மைக்ரோடோம் இயந்திரத்தில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். சீவிய ஏடு இளஞ்சூடான தண்ணீர்த் தொட்டியில் மிதந்து விரியும். டெக்னீஷியன் கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து அதை ஏந்தி எடுப்பார். முந்தைய நோயாளியின் ஏட்டிலிருந்து பிய்ந்த கண்ணுக்குத் தெரியாத துணுக்கு அந்தத் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தால், அடுத்தவரின் ஸ்லைடில் அது ஒட்டிக்கொள்ளும். முழு மாதிரியும் மாறாமலே, இப்படி ஒரு துணுக்கு மட்டும் ஏறி, இல்லாத புற்றுநோயைக் காட்டிவிடலாம். ஒவ்வொரு கட்டிக்கும் பிறகு தண்ணீர்ப் பரப்பை டிஷ்யூ தாளால் வழித்து எடுப்பது பார்க்க அற்பமான வேலை. ஆனால் ஓர் ஆளின் சிகிச்சையே அதில் அடங்கியிருக்கிறது.

பார்கோடு என்ன செய்யும்?

ஸ்லைடுகளில் எண்களை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால், ஒன்று பிசகும்போது அடுத்ததும் பிசகும். பார்கோடு உள்ள இடத்தில், மெழுகுக் கட்டியை ஸ்கேன் செய்தால்தான் அதற்குரிய ஸ்லைடு லேபிள் அச்சாகி வரும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை இப்படி வேலை முறையையே மாற்றியமைத்தது. அடையாளப் பிழைகள் சுமார் 62 சதவீதம் குறைந்ததாக 2009-இல் அறிவித்தது. இதில் பார்கோடு இயந்திரத்துக்குப் பாதிப் பெருமைதான். ஒரு நேரத்தில் ஒரு கட்டி என்ற ஒழுங்கு மீதிப் பாதி. அந்த ஒழுங்குக்குப் பெரிய செலவில்லை. சின்ன ஊர் லேபும் நாளையே தொடங்கலாம்.

சந்தேகம் வந்தால்

மார்பகக் கட்டிக்கு மருத்துவர்கள் மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கையால் தொட்டுப் பார்த்தது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், பயாப்ஸி. மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஸ்கேனில் சாதுவான கட்டியாகத் தெரிந்தது பயாப்ஸியில் தீவிரப் புற்றுநோய் என்று வந்தாலோ, பார்த்தாலே புற்றுநோய் என்று தோன்றுவது பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தாலோ, அறிக்கையோடு நிறுத்தக் கூடாது. நுண்ணோக்கியில் சதையைப் பார்த்து அறிக்கை எழுதிய பேத்தாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தேவைப்பட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டும்.

வேறு மருத்துவமனையில் ஸ்லைடைக் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்பது நல்ல வழக்கம். நோயைத் தவறாகப் படித்திருந்தால் அது பிடித்துக் கொடுக்கும். ஆனால் சதையே மாறியிருந்தால் இரண்டாவது மருத்துவரும் அதே சதையைத்தான் பார்ப்பார், அதே புற்றுநோயைத்தான் உறுதி செய்வார். இரண்டு பேர் சொன்னதால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சதை யாருடையது என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது டிஎன்ஏ ஒப்பீடு. மெழுகுக் கட்டியில் உள்ள சதையையும் நோயாளியின் ரத்தத்தையோ கன்னத்தின் உள்பக்கம் துடைத்தெடுத்த மாதிரியையோ ஒப்பிடுவார்கள். தடயவியல் துறையில் ஆளை அடையாளம் காணப் பயன்படும் அதே முறைதான். எல்லோருக்கும் இது தேவையில்லை. கதை ஒத்துப்போகாத இடத்தில் இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்காகவே மெழுகுக் கட்டிகள் பத்திரமாக இருக்க வேண்டும். அவற்றை வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறவர்கள் வெயிலில், வண்டி டேஷ்போர்டில் வைத்து உருக விடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

சதை எடுக்கும் முன் யாரும் கேட்காவிட்டாலும் முழுப் பெயர், பிறந்த தேதி, எந்தப் பக்கம் என்பதை நாமே சொல்லலாம்.

‘லேபிளை ஒரு தடவை காட்டுங்க, பேர் சரியா இருக்கான்னு பார்த்துக்கிறேன்’ என்று கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பாட்டிலை நம் கையில் கொடுத்தால், பாட்டிலின் உடம்பில் லேபிள் இருக்கிறதா, படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும்.

எல்லாச் சீட்டிலும் ஒரே இனிஷியல், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

அறிக்கை வந்ததும் கடைசி வரிக்கு ஓடாமல், மேலே உள்ள பெயர், வயது, பதிவு எண், சதை எடுத்த இடம், தேதி எல்லாவற்றையும் முதலில் படியுங்கள். ஏதாவது பொருந்தாவிட்டால் மருத்துவரிடம், ‘இது என்னுடைய சதைதானா என்று உறுதி செய்ய முடியுமா?’ என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் மருத்துவமனை அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிழையைச் சொன்ன ஊழியரைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்த பிழையை யாரும் சொல்ல மாட்டார்கள். மறைந்த பிழையில் இரண்டு உயிர்கள் மாட்டிக்கொள்ளும். லேபிளைச் சரிபார்க்கும் அரை நிமிடத்தை எந்தக் கூட்ட நெரிசலிலும் விட்டுக்கொடுக்காத நர்ஸும், பொருந்தாத பாட்டிலைத் திருப்பி அனுப்பும் டெக்னீஷியனும் கத்தியைத் தொடாமலே புற்றுநோய்ச் சிகிச்சையில் பங்கெடுக்கிறார்கள். அவர்கள் நம் பெயரை மறுபடி மறுபடி கேட்கும்போது சலித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்வோம்.