ஹார்மோனுக்கு அடங்காத புற்றுநோய்: ஆய்வு மையத்தைக் கண்டறிவது எவ்வாறு?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி புராஸ்டேட். அதில் தோன்றும் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் உரம் போன்றது. அதைக் குறைத்தால் நோய் தணியும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் நாளடைவில் சில புற்றுச் செல்கள் மாறிவிடுகின்றன. எஞ்சியுள்ள சிறிதளவு ஹார்மோனையும் பற்றிக்கொள்ள ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. ஹார்மோன் தாழ்ந்திருந்தும் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் ஏறுகிறது. 'இனி ஊசி மட்டும் போதாது' என்கிறார் மருத்துவர். அத்துடன் வழி அடைபட்டுவிட்டதா? இல்லை.

ஒரு சான்று பாருங்கள். இச்செல்கள் பலவற்றின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதம் மிகுதி. அதில் ஒட்டும் மூலக்கூறுடன் லூட்டீசியம்-177 என்னும் கதிரியக்க அணுவைப் பிணைத்து இரத்தத்தில் செலுத்துகிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 6.6 நாள். அது உமிழும் பீட்டாத் துகள்கள் திசுவில் சுமார் 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே தாக்குதல் பெரும்பாலும் புற்றுக்கு அருகிலேயே முடிகிறது. 831 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றோருக்கு 15.3 மாதம். நோய் அடியோடு நீங்கிவிடவில்லை, நாட்கள் கூடின.

இத்தகைய ஆய்வுகள் எங்கே நடக்கின்றன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சி.டி.ஆர்.ஐ. என்னும் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தேடும்போது 'ஹார்மோன்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள்; மருத்துவர்கள் இன்று இந்நிலையை 'காஸ்ட்ரேஷன் ரெசிஸ்டன்ட்' என்றே குறிக்கிறார்கள். ஆய்வு நடக்கும் மருத்துவமனை, தொடர்பு கொள்ள வேண்டியவர், சேர்வதற்கான தகுதி, இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்களா என்பன அதில் இருக்கும்.

திசுச் சோதனை அறிக்கை, தேதியுடன் பி.எஸ்.ஏ. அளவுகள், ஸ்கேன் படங்கள், இதுவரை பெற்ற மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, முதலில் உங்கள் மருத்துவரைக் கலந்து பேசுங்கள். முன்பு பெற்ற மருந்தைப் பொறுத்தே பெரும்பாலும் தகுதி அமையும்.

மையத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: புதிய மருந்து எனக்கு நிச்சயம் கிடைக்குமா, அல்லது குலுக்கல் முறையா? செலவு யாருடையது? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? விரும்பும்போது விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். பதிவேட்டில் இடம்பெற்றதாலேயே ஒரு மருந்து பலன் தரும் என்று பொருளன்று. பலன் உண்டா என்று அறியவே ஆய்வு நடக்கிறது.