கனடியக் கன்ட்ரி இசை

கனடியக் கன்ட்ரி இசை என்பது கனடாவைச் சேர்ந்த கலைஞர்கள் படைக்கும் கன்ட்ரி இசையைக் குறிக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்திலும், கியூபெக் மாகாணத்திலும் பிரெஞ்சு பேசும் பிற பகுதிகளிலும் பிரெஞ்சு மொழியிலும் இது பாடப்படுகிறது. 1930களில் தொடங்கிய இதன் வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. அருகிலுள்ள ஐக்கிய அமெரிக்காவின் பெரிய சந்தையை நாடிச் செல்வதா, அல்லது சொந்த நாட்டில் தங்கி அதன் ஊர்களையும் மக்களையும் பாடுவதா என்பதே அக்கேள்வி. கனடாவின் வானொலிச் சட்டங்கள், விருதுகள் பற்றிய சர்ச்சைகள், பாடகர்களின் வாழ்க்கைப் பாதைகள் ஆகிய பலவற்றையும் இக்கேள்வியைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

சொற்பொருள்

கன்ட்ரி இசை ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1920களில் இசைத்தட்டு வணிகத்தின் வழியாக உருப்பெற்ற ஒரு வெகுசன இசை வகை ஆகும். கிட்டார், பிடில், பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார் ஆகியவை இதன் முதன்மை இசைக்கருவிகள். உழைப்பு, பயணம், காதல், பிரிவு, இறை நம்பிக்கை ஆகியவை இதன் வழக்கமான பாடுபொருள்கள். பெரும்பாலான பாடல்கள் ஒரு கதையைச் சொல்லும் அமைப்பு உடையவை.

இதனை "நாட்டுப்புற இசை" என மொழிபெயர்ப்பது பொருந்தாது. நாட்டுப்புறப் பாடல்கள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் அறியப்படாமல் வாய்மொழியாக வழங்கி வருபவை. கன்ட்ரி பாடல்களோ பெயர் அறியப்பட்ட பாடலாசிரியர்களால் எழுதப்பட்டு, இசைத்தட்டு, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மூலம் பரவியவை. எனினும் நாட்டுப்புற இசையிலிருந்து கன்ட்ரி இசை பலவற்றைப் பெற்றுள்ளது.

தொடக்கக் காலம்

கனடாவில் கன்ட்ரி இசைக்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. அட்லாண்டிக் கடலோர மாகாணங்களான நோவா ஸ்கோசியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகியவற்றில் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரெஞ்சு வழியினர் தத்தம் பிடில் இசையையும் கதைப் பாடல்களையும் பேணி வந்தனர். மேற்கே ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் புல்வெளிகளில் மாட்டுப் பண்ணைகளும் அவற்றைச் சார்ந்த வாழ்க்கை முறையும் வேரூன்றியிருந்தன. இவ்விரண்டையும் வானொலி இணைத்தது.

கனடாவின் முதல் கன்ட்ரி நட்சத்திரமாகக் கருதப்படுபவர் வில்ஃப் கார்ட்டர் (1904 - 1996). நோவா ஸ்கோசியாவில் பிறந்த இவர் இளம் வயதில் ஆல்பர்ட்டாவிற்குச் சென்று பண்ணை வேலை செய்தார். குரலை மார்புக் குரலுக்கும் உச்சக் குரலுக்கும் இடையே விரைந்து மாற்றிப் பாடும் "யோடலிங்" முறையில் இவர் தேர்ந்தவர். 1930இல் கால்கரி நகர வானொலியில் பாடத் தொடங்கினார். 1933இல் மொன்றியால் நகரில் இவருடைய முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. வடக்குப் பனிப்பரப்பில் காவல் துறையினரால் 1932இல் துரத்திச் சுட்டுக் கொல்லப்பட்ட ஆல்பர்ட் ஜான்சன் என்பவரைப் பற்றிய கதைப் பாடலும் அத்தட்டில் இடம்பெற்றது. கன்ட்ரி இசையில் கனடிய நிகழ்வு ஒன்று பாடுபொருளானதற்கு இது ஒரு தொடக்கக் கால எடுத்துக்காட்டாகும். பின்னர் நியூயார்க் வானொலியில் பாடியபோது இவர் "மொன்டானா ஸ்லிம்" என்ற பெயரால் அறியப்பட்டார். மொன்டானா என்பது ஒரு அமெரிக்க மாநிலம் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஹாங்க் ஸ்னோ (1914 - 1999) அடுத்த பெரும் கலைஞர். இவரும் நோவா ஸ்கோசியாவைச் சேர்ந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வெளியேறி மீன்பிடிக் கப்பல்களில் வேலை செய்தார். அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாடக் கற்றார். 1936இல் மொன்றியாலில் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்திற்காக முதன்முதலில் பாடினார். கனடாவில் புகழ் பெற்றிருந்தும், அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 1949 வரை இவருடைய இசைத்தட்டுகளை அங்கு வெளியிடவில்லை. 1950இல் வெளிவந்த "அயம் மூவிங் ஆன்" என்ற பாடல் அமெரிக்காவின் பில்போர்டு கன்ட்ரி தரவரிசையில் 21 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 2013 வரை எந்தப் பாடலும் இந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை. 1979இல் நாஷ்வில் நகரிலுள்ள கன்ட்ரி இசைப் புகழ்மாடத்தில் ஸ்னோ சேர்க்கப்பட்டார். நாஷ்வில்லையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டு அங்கேயே மறைந்தார்.

வானொலியும் தொலைக்காட்சியும்

நாட்டை விட்டுச் செல்லாத கலைஞர்களுக்குப் பொது ஒலிபரப்பு பெரும் துணையாக இருந்தது. நியூ பிரன்சுவிக்கில் பிறந்த பிடில் கலைஞர் டான் மெசர் (1909 - 1973) தம் குழுவுடன் பல ஆண்டுகள் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வானொலியில் வாசித்து வந்தார். 1959 முதல் 1969 வரை இவருடைய நிகழ்ச்சி சிபிசி எனப்படும் கனடிய அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பானது. நடன இசையும் எளிய பாடல்களும் கொண்ட இந்நிகழ்ச்சியை, இளைய தலைமுறையைக் கவரும் நோக்கில் சிபிசி 1969இல் நிறுத்தியது. நேயர்கள் பெருமளவில் எதிர்ப்புத் தெரிவித்தனர். இச்சிக்கல் கனடிய நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. எனினும் முடிவு மாற்றப்படவில்லை. நிகழ்ச்சி பின்னர் ஹாமில்டன் நகரின் தனியார் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தொடர்ந்தது.

ஒன்டாரியோவைச் சேர்ந்த டாமி ஹன்டர் (பிறப்பு 1937) வழங்கிய நிகழ்ச்சி சிபிசி தொலைக்காட்சியில் 1965 முதல் 1992 வரை நீடித்தது. அமெரிக்க, கனடியக் கலைஞர்கள் இருசாராரும் இதில் பாடினர்.

கனடிய உள்ளடக்க விதி

1960களில் கனடிய வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய இசையில் பெரும்பகுதி அமெரிக்க, பிரித்தானியப் பாடல்களாகவே இருந்தது. கனடாவின் மக்கள்தொகை அமெரிக்காவின் மக்கள்தொகையில் ஒரு சிறு பங்கு மட்டுமே. எனவே உள்நாட்டில் இசைத்தட்டு வெளியிடுவது வணிக அளவில் கடினமாக இருந்தது. வானொலியில் இடம் கிடைக்காததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் வானொலி நிலையங்களுக்கு அப்பாடல்களில் நாட்டம் இல்லை.

இச்சுழலை உடைக்க, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் சிஆர்டிசி என்ற அரசு ஆணையம் 1971 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 விழுக்காடு கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்பது அவ்விதி. இந்த அளவு 1999 முதல் வெகுசன இசை நிலையங்களுக்கு 35 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

ஒரு பாடல் கனடியப் பாடலா என்பதைக் கணிக்க நான்கு கூறுகள் ஆராயப்படுகின்றன:

1. இசையமைத்தவர் கனடியரா
2. முதன்மைப் பாடகர் அல்லது இசைஞர் கனடியரா
3. பாடல் கனடாவில் பதிவு செய்யப்பட்டதா
4. பாடல் வரிகளை எழுதியவர் கனடியரா

பொதுவாக இந்நான்கில் இரண்டு பொருந்தினால் அப்பாடல் கனடியப் பாடலாகக் கொள்ளப்படும். பாடகர் வாழும் இடமோ பாடலின் பொருளோ இதில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆகவே நாஷ்வில்லில் வாழும் கனடியர் அமெரிக்கக் காதலைப் பற்றி எழுதிப் பாடிய பாடலும் கனடியப் பாடலே.

இவ்விதியின் குறை 1991இல் வெளிப்பட்டது. கனடிய ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸ், வெளிநாட்டவரான மட் லாங் என்பவருடன் சேர்ந்து எழுதிய இசைத்தொகுப்பின் பாடல்கள் கனடியப் பாடல்களாகக் கொள்ளப்படவில்லை. இதனால் எழுந்த சர்ச்சையை அடுத்து, கூட்டாக எழுதப்படும் பாடல்களில் கனடியரின் பங்கு பாதியளவு இருந்தால் அதனையும் ஒரு கூறாகக் கணக்கிடலாம் என 1993இல் விதி திருத்தப்பட்டது. சில ஆண்டுகளில் கன்ட்ரி பாடகி ஷனாயா ட்வைனும் அதே மட் லாங்குடன் இணைந்து பாடல்கள் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆன் மரேயும் ஸ்டாம்பின் டாமும்

1970களின் இரு பெரும் கலைஞர்கள் மேற்சொன்ன கேள்விக்கு இரு வேறு விடைகளாக அமைந்தனர்.

நோவா ஸ்கோசியாவின் ஸ்பிரிங்ஹில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் ஆன் மரே (பிறப்பு 1945). சிறிது காலம் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றினார். ஜீன் மக்லெல்லன் எழுதிய "ஸ்னோபேர்ட்" என்ற பாடலை இவர் பாட, அது 1970இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும் வெற்றி பெற்றது. 1978இல் "யூ நீடெட் மீ" என்ற பாடல் அமெரிக்காவின் பொதுத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. நான்கு கிராமி விருதுகளைப் பெற்ற இவர், அமெரிக்காவில் புகழ்பெற்ற பின்னரும் கனடாவையே வாழ்விடமாகக் கொண்டார்.

ஸ்டாம்பின் டாம் கானர்ஸ் (1936 - 2013) நியூ பிரன்சுவிக்கில் பிறந்து பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு குடும்பத்தால் வளர்க்கப்பட்டவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு நாடெங்கும் அலைந்தார். ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் நகர விடுதி ஒன்றில் 1964இல் பாடத் தொடங்கினார். பாடும்போது தாளத்திற்கு ஏற்பக் காலால் ஓங்கி மிதிக்கும் பழக்கம் உடையவர். மேடைத் தளம் சேதமடையாமலிருக்கக் காலடியில் ஒரு பலகையை இட்டுக்கொள்வார். இவருடைய பட்டப்பெயர் இதனாலேயே ஏற்பட்டது.

பிரின்ஸ் எட்வர்ட் தீவின் உருளைக்கிழங்கு ஏற்றிச் செல்லும் சரக்குந்து ஓட்டுநர், சட்பரி நகரின் நிக்கல் சுரங்கத் தொழிலாளர், டில்சன்பர்க் ஊரின் புகையிலைத் தோட்ட வேலை, ஐஸ் ஹாக்கி விளையாட்டு ஆகியவை இவருடைய பாடுபொருள்கள். இவருடைய ஹாக்கிப் பாடல் இன்றும் விளையாட்டரங்குகளில் ஒலிக்கிறது.

கனடிய இசைத் துறையின் முதன்மை விருதான ஜூனோ விருதுகளை இவர் ஆறு முறை பெற்றிருந்தார். அமெரிக்காவில் வாழ்ந்து அங்கேயே பெரும்பாலும் தொழில் செய்வோருக்குக் கனடிய விருதுகள் வழங்கப்படுவதை எதிர்த்து, 1978இல் அவ்வாறு விருதுகளையும் திருப்பி அனுப்பினார். தொடர்ந்து பல ஆண்டுகள் மேடையிலிருந்தும் ஒலிப்பதிவிலிருந்தும் விலகியிருந்தார். 1996இல் "ஆர்டர் ஆஃப் கனடா" என்ற உயரிய தேசிய மதிப்பு இவருக்கு வழங்கப்பட்டது.

மேற்கு மாகாணங்கள்

பிரித்தானியக் கொலம்பியாவில் பிறந்த இயன் டைசன் (1933 - 2022) குதிரை ஏற்றப் போட்டிகளில் பங்கேற்று வந்தவர். போட்டியில் ஏற்பட்ட காயத்திற்காக மருத்துவமனையில் இருந்தபோது கிட்டார் கற்றார். 1960களில் சில்வியா என்பவருடன் இணைந்து நாட்டுப்புறப் பாடல்கள் பாடிப் புகழ்பெற்றார். பின்னர் ஆல்பர்ட்டாவில் மாட்டுப் பண்ணை அமைத்து, பண்ணை வாழ்க்கையைப் பற்றிய பாடல்களை எழுதினார்.

ஆல்பர்ட்டாவின் கான்சார்ட் என்ற சிற்றூரில் வளர்ந்த கே. டி. லாங் (பிறப்பு 1961) 1980களில் கன்ட்ரி பாடகியாக அறிமுகமானார். 1990இல் இவர் இறைச்சி உண்பதற்கு எதிரான விளம்பரம் ஒன்றில் தோன்றினார். மாட்டு வளர்ப்பை நம்பியிருந்த அம்மாகாணத்தில் இது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. சில வானொலி நிலையங்கள் இவருடைய பாடல்களை ஒலிபரப்ப மறுத்தன. ஊரைப் பாடும் இசைக்கு ஊரின் வாழ்வாதாரத்தோடு எவ்வளவு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

டேபர் என்ற ஊரைச் சேர்ந்த கார்ப் லண்ட், ராக்கி மலைச் சரிவுகளில் நிலக்கரிச் சுரங்கம் அமைக்கும் திட்டங்களை எதிர்த்து, தம் பழைய பாடல் ஒன்றைப் பிற ஆல்பர்ட்டா பாடகர்களுடன் சேர்ந்து 2021இல் மீண்டும் பதிவு செய்தார்.

பிரெஞ்சு மொழிக் கன்ட்ரி இசை

கியூபெக்கில் கன்ட்ரி இசை "வெஸ்டர்ன்" என்ற பெயரால் வழங்குகிறது. 1940களில் ரோலான் லெப்ரன் என்ற படைவீரர் எளிய கிட்டார் இசையுடன் பாடிய பாடல்கள் போர்க்காலத்தில் புகழ்பெற்றன. வில்லி லமோத் (1920 - 1992) மாடுமேய்ப்பர் பாடல்களைப் பிரெஞ்சில் எழுதி இம்மரபை வளர்த்தார். சான்-டீட் என்ற ஊரில் 1967இல் தொடங்கிய வெஸ்டர்ன் விழா இன்றும் நடைபெறுகிறது. மானிட்டோபாவைச் சேர்ந்த லூசில் ஸ்டார் (1938 - 2020) 1964இல் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பாடிய பாடல் பல நாடுகளில் விற்பனையானது.

உலகச் சந்தை

1990களில் கனடியக் கன்ட்ரி இசை முன்னெப்போதும் காணாத வணிக வெற்றியைப் பெற்றது. டிம்மின்ஸ் நகரில் வறிய குடும்பத்தில் வளர்ந்த ஷனாயா ட்வைன் (பிறப்பு 1965) 1997இல் வெளியிட்ட "கம் ஆன் ஓவர்" இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் இரண்டு கோடிப் படிகளுக்குச் சான்று பெற்றது. மெடிசின் ஹாட் நகரில் வளர்ந்த டெர்ரி கிளார்க், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையில் 2004இல் உறுப்பினரானார். இம்மதிப்பைப் பெற்ற முதல் கனடியப் பெண் இவரே. கால்கரியில் குழந்தைகள் மருத்துவமனைச் செவிலியராக இருந்த பால் பிராண்ட், நாஷ்வில்லில் வெற்றி பெற்ற பின் கனடாவிற்குத் திரும்பிச் சொந்த இசை நிறுவனம் தொடங்கினார்.

இதே காலத்தில் தொலைக்காட்சியிலும் மோதல் ஏற்பட்டது. கனடிய கன்ட்ரி இசை அலைவரிசை ஒன்றுக்கு சிஆர்டிசி உரிமம் வழங்கியபோது, அதே வகையைச் சேர்ந்த அமெரிக்க அலைவரிசையான சிஎம்டி 1995 தொடக்கத்தில் கனடியக் கேபிள் சேவைகளிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க அரசு வணிகத் தடைகள் விதிக்கப்படும் என எச்சரித்தது. இறுதியில் அமெரிக்க நிறுவனம் கனடிய அலைவரிசையில் சிறுபான்மைப் பங்கு பெறும் வகையில் உடன்பாடு ஏற்பட்டது.

அமைப்புகளும் இன்றைய நிலையும்

கன்ட்ரி இசைக் கலைஞர்களுக்கான அமைப்பு 1976இல் தொடங்கப்பட்டது. 1987 முதல் இது கனடியக் கன்ட்ரி இசைச் சங்கம் என்ற பெயரில் இயங்கி, ஆண்டுதோறும் விருதுகளை வழங்கி வருகிறது.

21ஆம் நூற்றாண்டில் கிரீ பழங்குடியைச் சேர்ந்த ஷேன் யெல்லோபேர்ட், கிராண்ட் பிரேரி நகரைச் சேர்ந்த டெனில் டவுன்ஸ், சஸ்காச்சுவானைச் சேர்ந்த கோல்ட்டர் வால் முதலியோர் குறிப்பிடத்தக்கவர்கள். யெல்லோபேர்ட் 2022இல் மறைந்தார்.

இணையத்தில் பாடல் கேட்கும் வழக்கம் பரவியதால், வானொலியை மட்டும் கட்டுப்படுத்திய உள்ளடக்க விதியின் வலிமை குறைந்தது. எனவே இணைய இசைச் சேவைகளையும் சிஆர்டிசி ஒழுங்குபடுத்த வகைசெய்யும் சட்டம் 2023இல் கனடாவில் நிறைவேற்றப்பட்டது.