ஆலையில் உருவாகும் வீடுகள்

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 குடியிருப்புகள் 2022 மே 26 அன்று திறந்து வைக்கப்பட்டன. அடிக்கல் நாட்டப்பட்டது 2021 ஜனவரி 1-இல். இடையில் கரோனா இரண்டாம் அலையும் வந்து போனது. ஆயினும் பதினேழு மாதங்களுக்குள் பணி முடிந்ததற்குக் காரணம், தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை முன்கூட்டியே தனியே வார்த்து, பின்னர் கிரேன் கொண்டு பொருத்தியதுதான். முன்வார்ப்பு முறை நமக்குப் புதிதன்று. கிணற்று உறையையும் ரெடிமேட் காம்பவுண்டுச் சுவரையும் நெடுங்காலமாக வாங்கித்தானே வருகிறோம்?

கூலி மலிவாக உள்ள நாட்டில் இம்முறை எதற்கு என்று வகுப்பறையில் மாணவர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால், கட்டுமானத்தில் காலமும் ஒரு செலவு. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு, தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. வாடகை வீட்டில் காத்திருப்பவருக்கோ இரட்டைச் சுமை. தொழிலாளர் எப்போதும் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையும் 2020 பொதுமுடக்கத்தில், புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது ஆட்டம் கண்டது.

எனினும், ஆலையை வாழவைப்பது வேகமன்று, தொடர்ச்சியான கொள்முதல். அச்சுகள், கிரேன்கள், வார்ப்புக் களம் ஆகியவற்றில் போட்ட முதல், ஆயிரக்கணக்கான பாகங்கள்மீது பரவினால்தான் ஒரு பாகத்தின் விலை குறையும். பிரிவினையால் வந்த அகதிகளின் வீட்டுத் தேவைக்காக 1948-இல் தில்லியில் அரசே ஒரு வீட்டு ஆலையைத் தொடங்கியது. அந்நிறுவனம் பின்னாளில் ரயில்பாதைக்கான கான்கிரீட் ஸ்லீப்பர்களையும் மின்கம்பங்களையும் தயாரித்தது. அவற்றுக்கு அளவு ஒன்றே; வாங்குவோரும் நிலையானவர்கள். வீட்டுக்கு இவ்விரண்டும் அமையவில்லை.

வரி விதிப்பும் இடறுகிறது. 2019 ஏப்ரல் முதல் கட்டி விற்கப்படும் புதிய வீடுகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதம். ஆனால், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆலையில் வாங்கிய பாகத்தின் முழு மதிப்புக்கும் செலுத்திய வரி கட்டுநரின் தலையிலேயே நிற்கிறது. அதையே மனையில் தம் சொந்தப் பணியாளர்களைக் கொண்டு வார்த்தால், பொருளுக்கு மட்டுமே வரி, கூலிக்கு இல்லை. ஒரு கையால் புதிய தொழில்நுட்பத்தை வரவேற்று, மறு கையால் அதன்மீது சுமை ஏற்றுவது விந்தை.

இணைப்புகளில் நீர் கசியுமோ என்று குடியிருக்கப்போவோர் அஞ்சுவதையும் ஒதுக்கிவிட முடியாது. இணைப்புகளைச் சரியாக அடைக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். அதற்கான பயிற்சியைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அளிக்கலாம்.

நாட்டில் அரசும் பெருமளவில் வீடு கட்டித்தருகிறது. அறை, படிக்கட்டு, தளம் ஆகியவற்றின் அளவுகளை மாநில வீட்டு வசதி அமைப்புகள் ஒன்றாக்கி, அடுத்த ஐந்தாண்டுத் தேவையை முன்னதாக அறிவிக்கட்டும். அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக் கடன் கேட்க முடிந்தால், தொழில்முனைவோர் மானியத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள்.