நீராவி ரயில்: பழசைப் பழுது பார்ப்பதா, புதுசாகக் கட்டுவதா?

பங்சாரில் எல்ஆர்டி ஏறினால் அடுத்து வருவது பிரிக்பீல்ட்ஸ் பக்கம். நம் தாத்தாமார் பலர் ரயில்வேயில் உழைத்த வட்டாரம் அது. அவர்கள் காலத்து நீராவி ரயிலை இன்று மறுபடி ஓட்டணும்னா என்ன வழி?

சபாவில் பழசையே ஓட்டுகிறார்கள். தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் செல்லும் சுற்றுலா ரயிலை இழுப்பது, 1954-இல் இங்கிலாந்தில் செய்த, விறகில் ஓடும் இன்ஜின்.

ஆனால் பழைய இன்ஜினில் சிக்கலே கொதிகலன்தான். நெருப்பும் நீரும் அழுத்தமும் பட்டுப் பட்டு அதன் தகடு மெலிந்துவிடும். சாயம் பூசினால் அருங்காட்சியகத்தில் நிற்கும். பயணிகளை ஏற்ற அது போதாது. கொதிகலனை மாற்றி, சக்கரத்தையும் மாற்றினால் அது பழைய இன்ஜின்தானா என்ற கேள்வி வேறு!

நீலகிரி மலை ரயிலுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை வேறு வழி எடுத்தது. பல்சக்கரத்தால் மலையேறும் எக்ஸ் வகை இன்ஜின்களை, சுவிஸ் மூலத்தின் மாதிரியில் புதிதாகவே கட்டியது. 2021-இல் வந்தது நிலக்கரியில் ஓடுவது. பிரிட்டனில் ஏ1 வகை இன்ஜின் 49-உம் உடைக்கப்பட்டதால், 2008-இல் ‘டொர்னாடோ’வைப் புதிதாகவே கட்டினார்கள். அங்கே பழுது பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

ஒன்று கவனியுங்கள்: பொன்மலை பல்லாண்டு அந்தப் பழைய எக்ஸ் இன்ஜின்களைப் பிரித்து மாட்டிப் பழகிய பணிமனை.