பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

தாராசுரம், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளின் கொல்லைச் சார்ப்பில் ஒரு கறுப்பு சைக்கிள் சாத்தியிருந்தால், “தாத்தாவோட ராலே, இங்கிலாந்து வண்டி” என்ற பெருமையும் கூடவே வரும். இருக்கலாம். அசன்சோலில் செய்ததாகவும் இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலேயப் பெயர்கள் பலவும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின. முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸையும் பின்னர் பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகளையும் செய்தது. அசன்சோலின் சென்-ராலே தொழிற்சாலையிலிருந்து ராலேயும் ஹம்பரும் வந்தன. ஆகவே பெயரை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் பழைய சைக்கிள் மோகம் என்றால், ஷ்வின் கம்பெனி 1930களில் கொண்டுவந்த தடித்த டயர் க்ரூஸர்தான் முதலில் நிற்கும். டெல்டாவில் அந்த இடம் ராட் பிரேக் போட்ட 28 அங்குல ரோட்ஸ்டருக்கு. நெல் மூட்டையும் வாழைத்தாரும் தறிக்காரர் வீட்டு நூல் கட்டும் ஏறிய கேரியர் அது.

அடையாளம் காண முதலில் ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள முகப்புத் தகட்டைப் பார்க்க வேண்டும். நாரைத் தலை என்றால் ராலே. மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நின்றால் பி.எஸ்.ஏ.; துப்பாக்கி செய்த கம்பெனிதான் அது. தகடு போயிருந்தால் பெடல் பக்கத்துச் செயின் சக்கரம் பேசும். ஹம்பருடையதில் ஐந்து மனிதர்கள் ஓடுவார்கள். ரட்ஜில் விரித்த கை இருக்கும். மூன்று கியர் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால் இன்னும் வசதி. அதன்மேல் தயாரான ஆண்டும் மாதமும் எண்ணாகப் பொறித்திருக்கும். ஆனால் அது ஹப்பின் வயதுதான், வண்டியின் வயது அல்ல. எந்தக் காலத்திலாவது வீல் மாற்றியிருப்பார்கள். ஃபிரேம் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வண்டி எதுவென்று தெரிந்ததும் அடுத்த ஆசை, உரசிப் புதுசாகப் பெயின்ட் அடிப்பது. இங்கேதான் கெடுகிறது. புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பாரில் ஓடும் பழைய பொன் கோடும் தேய்ந்த எழுத்தும் ஒருமுறை போனால் போனதுதான். ஆண்டுதோறும் வரி கட்டி வாங்கிய சைக்கிள் வில்லை ஒட்டியிருந்தால் அதைக் கழற்றவே கூடாது. பித்தளை முகப்புத் தகட்டுக்கும் கும்பகோணத்துப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்கிற வைத்தியம் வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் வண்ணம் உதிர்ந்துவிடும்.

மெல்லிய சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். தின்னரும் பெட்ரோலும் ஒட்டு எழுத்தைக் கரைக்கும். குரோம் மேல் துருவுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். குரோமைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் உப்புத்தாள் போடும் கீறல் விழாது. கடைசியில் மெழுகுப் பூச்சு. காவிரிக்கரை ஈரத்துக்கு அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

ஓடும் பாகங்களில் இந்தக் கரிசனம் செல்லாது. பிரேக் கட்டை, டியூப், டயர், பிளந்த பால்ரஸ் எல்லாம் புதிதாகத்தான் இருக்க வேண்டும். கிராங்க் அச்சில் கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 11. அதைத் திறக்கக் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்தால் பின் நசுங்கி உள்ளேயே இறுகிவிடும். திருகி அழுத்தும் கருவிதான் சரி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேயாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அதன் கிராங்க் கப்புக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பல ஆங்கில வண்டிகளுக்கு 24. மாற்றிப் போட்டு இறுக்கினால் ஃபிரேமின் மரையே போகும்.

ஃபோர்க் குழாயும் பிரேக் கம்பியும் அரித்திருந்தால் அங்கே பழைய அழகு பார்க்கக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும்.

டயருக்கு அலைய வேண்டியதில்லை. 28க்கு 1½ அளவு இந்தியாவில் இன்னும் தயாராகிறது. வெளிநாட்டு ரோட்ஸ்டர் பிரியர்கள்கூட இங்கே செய்ததை வாங்கி மாட்டுகிறார்கள். முன்வீலுக்கு 32, பின்வீலுக்கு 40 என்ற பழைய ஆங்கிலேய ஸ்போக்ஸ் கணக்கும் இந்தியக் கறுப்பு வண்டிகளில் மாறாமல் தொடர்ந்தது. அதனால் கோட்டம் எடுக்கத் தெரிந்த உள்ளூர் மிதிவண்டிக் கடைக்காரருக்கு, நாட்டிங்ஹாம் வீலும் பழகிய வேலைதான்.