ஆறுமுகம் சகோதரர்களின் மலாய் டிஸ்கோ

சிங்கப்பூரில் மலாய்க் கல்யாணங்கள் பல, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில்தான் நடக்கும். ஒரு பக்கம் பிரியாணி மணக்கும், இன்னொரு பக்கம் ஒலிபெருக்கியில் எண்பதுகளின் காதல் பாட்டுகள் ஓடும். அவற்றில் ஆலிகேட்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்றாவது வந்துவிடும். பாடியவர்கள் லோகநாதன் ஆறுமுகமும் அவருடைய அண்ணன் டேவிட் ஆறுமுகமும். பினாங்குத் தமிழர்கள். இந்தச் சங்கதி தமிழர்கள் கூடும் தேக்காவில் இருப்பவர்களைவிட மலாய்க்காரர்கள் கூடும் கேலாங் சிராயில் இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் பினாங்கில் உருவான குழு அது. ஹாங்காங் இரவு விடுதிகளில் சில காலம் வாசித்துத் தேறியவர்கள். விடுதி மேடை பொல்லாதது. கச்சேரிச் சபா ரசிகர் மாதிரி அங்கே யாரும் மரியாதைக்குக் கை தட்ட மாட்டார்கள். கால் ஆடவில்லை என்றால் அடுத்த வாரம் மேடையில் வேறு குழு இருக்கும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டை அச்சு அசலாகப் பாடத் தெரிய வேண்டும், தாளம் ஒரு இழைகூடத் தளரக் கூடாது. அந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பி, 1978-ல் முதல் மலாய் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பெயர் ‘தெரிமா காசே’, அதாவது ‘நன்றி’. நன்றி சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்த குழு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

டிஸ்கோ உலகை ஆட்டிய நேரம். ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வந்தது 1977 டிசம்பரில். நம்மவர்களுக்கு அந்த 1978 வேறு காரணத்துக்காக நினைவிருக்கும்: ரஜினியும் ஸ்ரீதேவியும் சிங்கப்பூரில் சுற்றிய ‘ப்ரியா’ வந்த வருஷம். இளையராஜா ஸ்டீரியோவில் தந்த அந்தப் பாட்டுகளை சிராங்கூன் சாலையில் கொண்டாடினோம். அதே வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் மலாயில் பாடி ஊரை ஆட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களின் அடையாளம், பந்து போல் உருண்டு நின்ற ஆப்ரோ முடி. அந்தக் கால சிங்கப்பூரில் அது சாதாரண விஷயமில்லை. முன்முடி புருவத்தைத் தொட்டாலோ, காதை மூடினாலோ, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலோ அது நீளமுடி. அப்படிப்பட்ட ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். 1972-ல் லெட் செப்லின் குழு இங்கே பாட முடியாமல் போனதும் முடியால்தான். சுவரொட்டியில் இருந்த படத்தை வைத்துப் பார்த்தால் ஆறுமுகம் சகோதரர்கள் தபால் தலை வாங்கக்கூட வரிசையின் கடைசியில்தான் நின்றிருக்க வேண்டும்.

ஆனாலும் அவர்கள் பாட்டில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1957-ல் இங்கே புக்கிட் பாஞ்சாங்கில் பிறந்த எம். நாசிர், பிற்பாடு மலேசியாவின் முதல்வரிசை இசையமைப்பாளர், ஆலிகேட்ஸுக்கு மெட்டுப் போட்டவர். சிவப்பு ரோஜா ஒன்றையும் கவிதை ஒன்றையும் சேர்த்துத் தலைப்பாக்கிய ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’ அவருடைய இசை. டிஸ்கோவின் வேகம் அடங்கிய பிறகும் குழு நிலைத்ததற்கு இந்த மாதிரி நிதானமான பாட்டுகளே காரணம். நடன மெட்டுக்கு ஆயுள் குறைவு. கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது காதல் பாட்டைத்தான்.

கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடினால் ஒரு தனி இழைவு இருக்கும். தொண்டையின் அமைப்பும் ஒன்று, சிறு வயதில் பழகிய உச்சரிப்பும் ஒன்று. எந்த எழுத்தை இழுப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்று பேசி வைக்கத் தேவையில்லை. ஜாக்சன் சகோதரர்களும் பீ ஜீஸும் ஜெயித்ததில் இதற்குப் பங்கு உண்டு. ஆலிகேட்ஸின் கூட்டுக்குரலிலும் அது கேட்கும்.

லோகநாதன் 2007 ஜூன் 4-ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அண்ணன் குழுவைக் கலைக்கவில்லை. டத்தோ பட்டம் பெற்ற பிறகும் மேடை ஏறினார், முடியும் அப்படியே.

தமிழர் இசைச் சாதனை என்று பட்டியல் போடும்போது பாடிய மொழியைப் பார்த்தே பெயரை எழுதுகிறோம். அதனால் இந்த அண்ணன் தம்பி மலாய் அலமாரியிலேயே தங்கிவிட்டார்கள். மலாய் வானொலிகளான ரியாவும் வார்னாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டுமா? ஒலி 96.8 ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அறிவிப்பாளர் தமிழில் பேசட்டும், பாட்டு மலாயிலேயே ஓடட்டும்.