மோட்டார்ச் சைக்கிளும் இலத்திரனியல் தாங்கலமைப்பும்

சில்லுகளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நின்று பாரத்தைத் தாங்குவன இரண்டு. ஒன்று சுருள்வில், மற்றையது தணிப்பான். தெருவின் மேட்டிற் சில்லு ஏறும்போது சுருள்வில் சுருங்கி, அவ்வதிர்ச்சி இருப்பவரைச் சென்றடையாமற் காக்கின்றது. ஆயின் சுருங்கிய வில் வாளா இருப்பதன்று. தான் பெற்ற சத்தியைத் திருப்பிக் கொடுக்க முயன்று, மீண்டும் மீண்டும் துள்ளும். அத்துள்ளலை அடக்குவதே தணிப்பானின் தொழில். பேச்சு வழக்கிலே ஷொக் அப்சோபர் எனப்படும் இக்கருவியினுள், எண்ணெய் நிறைந்த குழாயொன்றில் ஆடுதண்டு மேலுங் கீழும் இயங்கும். எண்ணெய் சிறு வழிகளூடாக நெருக்குண்டு செல்ல, துள்ளலின் சத்தி வெப்பமாக மாறிக் கழிகின்றது.

எண்ணெயினால் தணிக்கப்படும் குழாய் வடிவான முன்கவையை 1935 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி தன் ஆர் 12, ஆர் 17 என்னும் வண்டிகளிற் பொருத்தி விற்றது. அதன் பின் நெடுங்காலம், தாங்கலமைப்பைத் திருத்துதல் என்பது திருகாணியையோ கைப்பிடியையோ கையாற் சுழற்றுதலாகவே இருந்தது. அதே கம்பனி 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட கே 1200 எஸ் என்னும் வண்டியில், இவ்வேலையைச் சிறு மின்மோட்டார்கள் செய்தன. ஓட்டுநர் செய்யவேண்டியது பொத்தானை அழுத்துதல் மாத்திரமே. இன்று பெருவிலை வண்டிகள் பலவற்றில் இவ்வசதி காணப்படுகின்றது. அது கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததா என்பதே வாங்குவோர் பலரின் வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 'இலத்திரனியல் தாங்கலமைப்பு' என்னும் ஒரே பெயரால் மூன்று வேறு காரியங்கள் வழங்கப்படுகின்றன. சுருள்வில்லை முன்கூட்டியே இறுக்கி வைத்தல் ஒன்று. தணிப்பின் அளவை ஓட்டுநர் விரும்பியவாறு மாற்றுதல் இன்னொன்று. ஓட்டத்தின் போது, கணத்துக்குக் கணம், கருவி தானே தணிப்பை மாற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. விளம்பரங்கள் பெரிதும் புகழ்வது இறுதியாகக் கூறப்பட்டதையே. ஆயினும் பெரும்பாலாருக்கு உண்மையிற் பயன் தருவது முதலாவதே எனல் தவறாகாது.

சுருள்வில்லை முன்கூட்டி இறுக்கினால் வில் கடினமாகிறது எனப் பலர் எண்ணுவர். அது பிழை. வில்லின் வன்மை அதன் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை முதலியவற்றால் அமைவது, இறுக்குவதால் மாறுவதன்று. இறுக்குதலால் மாறுவது, பாரம் ஏறியபின் வண்டி எவ்வளவு தாழ்ந்து நிற்கும் என்பதே. தெருவண்டியொன்று ஓட்டுநர் ஏறியதும் தன் அசைவு நீளத்தில் மூன்றிலொரு பங்கு வரை தாழ்தல் பொதுவாக நன்று எனக் கொள்ளப்படும். அங்ஙனந் தாழ்ந்தால்தான், பள்ளத்தில் சில்லு கீழிறங்கித் தெருவைப் பற்றிக்கொள்ள இடமிருக்கும். மேட்டில் மேலெழவும் இடமிருக்கும்.

2013 ஆம் ஆண்டின் ஆர் 1200 ஜீ.எஸ். என்னும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறை 238 கிலோகிராம். பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 450 கிலோகிராம். எனவே அது சுமக்கக்கூடியது 212 கிலோகிராம். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தனியே செல்லும் போதும், துணையொருவரையும் மூன்று பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் போதும், பின்வில் தாங்கவேண்டிய பாரம் எத்துணை வேறுபடும் என்பது வெளிப்படை. மியூனிக் நகரிலிருந்து ஒரு தம்பதியர் அல்ப்ஸ் மலைகளைக் கடந்து இத்தாலிக்குச் செல்கின்றனர் என்று கொள்வோம். முதலில் விரைவு நெடுந்தெரு. பின்னர் 2,757 மீற்றர் உயரமுள்ள ஸ்ரெல்வியோக் கணவாய். அதன் வடக்குப் பக்க ஏற்றத்தில் மாத்திரம் 48 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தனியாளுக்கென வைத்த அளவை மாற்றாது இவர்கள் புறப்பட்டால், வண்டியின் பின்புறம் அமிழ்ந்து முன்புறம் நிமிரும். முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். முன்கவையின் சாய்வு கூடுவதால் வண்டி வளைவில் திரும்பத் தயங்கும். வளைவிற் சாயும்போது அடிப்பாகம் தெருவில் உரசவும் கூடும். இவை சொகுசு பற்றியவை அல்ல, உயிர் பற்றியவை.

இதே திருத்தத்தைக் கையாற் செய்யமுடியாதா? முடியும். பல வண்டிகளில் பின்புறத்தே அதற்கென ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சில சுற்றுகள் சுழற்றினாற் போதும். ஆனால் வண்டியை வாங்கிய நாள் தொட்டு அதை ஒருமுறைதானும் தொடாதவர் பலர். துணைவியார் ஏறியமர்ந்த பின், பெட்டிகளுக்கிடையே குனிந்து சுழற்றுவதற்குப் பொறுமையும் வேண்டும். எத்தனை சுற்று என்ற நினைவும் வேண்டும். பொத்தானிருந்தால் அவ்வேலை நடந்தேறுகின்றது. 2017 ஆம் ஆண்டின் ஆர் 1200 ஜீ.எஸ். வண்டியிற் பொத்தானும் வேண்டாதாயிற்று. பாரத்தை அளந்து தானே ஈடுசெய்யும் வசதி அதிற் கிடைத்தது. மோட்டாரின் பெருமை அது கையைவிட நன்றாகத் திருத்துகின்றது என்பதிலன்று. கை செய்யாது விட்டதை அது செய்கின்றது என்பதிலேயே உளது.

இனி, தானே மாறுந் தணிப்புக்கு வருவோம். அமெரிக்கரான டீன் கார்னொப்பும் அவருடைய தோழரும் 1974 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். வானத்திலே ஒரு கொக்கி இருந்து, வண்டியின் உடலை அதனோடு ஒரு தணிப்பானாற் பிணைத்துவிட்டால், கீழே சில்லு எப்படித் துள்ளினும் உடல் அமைதியாக இருக்கும் அன்றோ? வானத்திற் கொக்கியிட முடியாது. ஆனால் சில்லுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தணிப்பானை, அக்கொக்கி செய்திருக்கக்கூடியதற்கு உதவும் கணத்தில் இறுக்கியும், ஊறு செய்யும் கணத்தில் தளர்த்தியும் விட்டால், ஏறக்குறைய அதே பயனைப் பெறலாம். 2013 ஆம் ஆண்டில் வந்த டுக்காட்டி மல்ரிஸ்ராடா வண்டியின் தாங்கலமைப்புக்கு 'ஸ்கைஹுக்', அதாவது வானக்கொக்கி, எனப் பெயரிட்டது இதுபற்றியே. உணரிகள் அசைவை அளக்கும். கணினி கணித்து, எண்ணெய் வழியை அகலிக்கவோ ஒடுக்கவோ செய்யும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கின்றது. பத்து மில்லிசெக்கனில் அது செல்வது 28 சென்ரிமீற்றரே. அதற்குள் தணிப்பு மாறிவிடுமாயின், ஒரே பள்ளத்தில் இறங்கும்போது ஒரு தன்மையும் ஏறும்போது வேறு தன்மையும் இயல்வதாகும். பிறேக் பிடிக்கையில் முன்புறம் குனிவதையும் அது குறைக்கும்.

இது வியப்புக்குரியதே. எனினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. பழைய வகைத் தணிப்பானும் அறிவில்லாத வெறும் குழாயன்று. அதன் ஆடுதண்டிலே அடுக்கப்பட்ட மெல்லிய உருக்குத் தகடுகள், சில்லு விரைந்து மேலெழும்போது வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். மெல்ல அசையும்போது மூடி நின்று தடுக்கும். நன்கு செய்யப்பட்ட தணிப்பானுக்கும் கணினித் தணிப்பானுக்கும் உள்ள வேற்றுமை, மட்டமான தணிப்பானுக்கும் நன்கு செய்யப்பட்டதற்கும் உள்ள வேற்றுமையினுஞ் சிறிது. மற்றது, வழக்கமான இவ்வகை அமைப்புகளில் கணினி வில்லின் வன்மையை மாற்றவல்லதன்று. ஓட்டுநரின் நிறைக்கு ஒவ்வாத வில்லை எப்பொத்தானும் ஒவ்வுவதாக்காது, வில்லையே மாற்றவேண்டும். 'சொகுசு', 'விளையாட்டு' என்றெல்லாம் பெயர்கள் திரையில் மின்னும்போது இது எளிதில் மறக்கப்படும். விற்பனைக் கூடத்தில் நிற்கும் வண்டியிலே பெயர்கள் யாவும் இனிமையாகவே இருக்கும்.

மோட்டோ ஜீபீ எனப்படும் உலகப் பந்தயங்களில் மணிக்கு 350 கிலோமீற்றரைக் கடந்து வண்டிகள் ஓடுகின்றன. அங்கே இலத்திரனியல் தாங்கலமைப்பு விதியால் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனால் அப்பந்தயம் தாழ்வுற்றதில்லை. அங்கு ஓட்டுநர் ஒருவர். பாதை முன்பே அறிந்தது. திருத்துதற்குத் தொழில்நுட்பர் பலர் அருகே நிற்பர். ஆகவே, ஒரே பாரத்தோடு ஒரே தெருவில் நாள்தோறும் செல்பவர், அப்பணத்தில் ஒரு பகுதியைத் தம் நிறைக்கேற்ற வில்லுக்கும் நல்ல தணிப்பானுக்கும் செலவிடுவாராயின் குறைவுபட மாட்டார். பாரமும் தெருவும் அடிக்கடி மாறுபவருக்கே இவ்வமைப்பு தன் விலையைத் தருவது. உயரங் குறைந்தோருக்கும் ஒரு நன்மை உண்டு. ஹார்லி டேவிட்சன் கம்பனி 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட பான் அமெரிக்கா வண்டியில், விரும்புவோர் பெறக்கூடிய ஒரு வசதி, வண்டி நிற்கும்போது இருக்கையைத் தானே தாழ்த்திக் காலூன்ற இடமளிக்கின்றது. கையால் இயலாத காரியம் இது.

பழைய வண்டியாக வாங்குவோர் கூடுதலான எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். தணிப்பானின் எண்ணெய் காலத்தால் நலிவடைவது. மின்சாதனம் அதனைப் புதுப்பிப்பதில்லை. மோட்டாரோ உணரியோ பழுதுற்றால், சாதாரண வண்டியில் ஒரு சிறு உறுப்பை மாற்றுஞ் செலவன்று, பெரும்பாலும் முழுத் தணிப்பானையும் மாற்றுஞ் செலவு ஏற்படும். முன்னிறுக்கத்தையும் மோட்டார் மாற்றும் வண்டியாயின் அதைச் சோதித்தல் எளிது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, தனியாள் என்ற நிலையிலிருந்து இருவரும் பெட்டிகளும் என்ற நிலைக்கு மாற்றினால், மோட்டார் இயங்கும் ஒலி கேட்கும். சிறிது நேரத்தில் பின்புறம் மெல்ல உயரும். உயராவிடின், விலை பேசுமுன் அத்தணிப்பானின் விலையைக் கேட்டறிந்து கொள்ளல் நன்று.